எது குறைந்தால் வெற்றி? அமெரிக்கக் குற்றநீதியில் இனச் சமத்துவத்தை அளக்க ஐந்து படிக்கற்கள்

ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு மூன்று பேர் மூன்று தீர்ப்பு எழுதலாம்.

2003-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் கறுப்பினச் சிறாருக்கு 519 பேர் நீதிமன்ற உத்தரவின் பேரில் காப்பகங்களில் அடைபட்டிருந்தார்கள். வெள்ளைச் சிறாரில் லட்சத்துக்கு 140. பத்தாண்டு கழித்து, 2013-ல், அந்த எண்கள் 294 என்றும் 69 என்றும் இறங்கின. முதல் ஆள் சொல்வார்: 519 என்பது 294 ஆகிவிட்டது, லட்சத்துக்கு 225 கறுப்பினப் பிள்ளைகள் கம்பிக்கு வெளியே இருக்கிறார்கள், பெரிய வெற்றி. இரண்டாம் ஆள் கழித்துப் பார்ப்பார்: இடைவெளி 379-லிருந்து 225-க்கு வந்திருக்கிறது, முன்னேற்றம்தான். மூன்றாம் ஆள் வகுத்துப் பார்ப்பார்: அன்று 3.7 மடங்கு, இன்று 4.3 மடங்கு, ஆக நிலைமை கெட்டிருக்கிறது. மூவருடைய கணக்கிலும் பிழை இல்லை.

அமெரிக்காவின் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆலோசனைக் குழுக்களிலும், தொண்டு அமைப்புகளிலும், நகராட்சித் தரவுப் பிரிவுகளிலும் நம் தமிழர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்வி: "இன ஏற்றத்தாழ்வைக் குறைக்க அடுத்த மூன்று ஆண்டுக்கு ஒரு இலக்கு எழுதச் சொல்கிறார்கள். எந்த எண்ணைப் பிடிப்பது?" நியாயமான குழப்பம். ஒரே மாதிரி நடத்துவது சமத்துவமா, ஒரே மாதிரி முடிவு வருவது சமத்துவமா என்ற பழைய சண்டை இந்தச் சின்னக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் எந்தப் படிக்கல், அதாவது எந்த அளவுகோல், எங்கே பொய் சொல்லும் என்று சொல்ல முடியும்.

## முதலில், படிக்கல்லைச் சோதிக்கும் கேள்விகள்

ஒவ்வொரு அளவையும் நான் நான்கு கேள்விகளால் தட்டிப் பார்ப்பேன்.

யாருடைய வாழ்க்கையும் நல்லதாகாமலேயே இந்த எண் நல்லதாக முடியுமா? முடியும் என்றால், என்றைக்காவது ஒருநாள் அப்படித்தான் ஆகும். இலக்கு என்று ஒன்றை எழுதி ஒட்டிய மறுநாளே அதை எட்டுவதற்கான குறுக்கு வழியை அலுவலகம் கண்டுபிடித்துவிடும்.

எண் கெட்டால் யாருடைய மேசைக்குப் போய்க் கேட்பது? சிறைத்தொகை என்பது காவலர், வழக்குத்தொடுநர், நீதிபதி, பரோல் வாரியம், சட்டமன்றம் எல்லோரும் சேர்ந்து சமைத்த குழம்பு. உப்பு கூடியது யாரால் என்று அந்த ஒற்றை எண் சொல்லாது.

தரவை எழுதுவது யார்? பெரும்பாலும், அளக்கப்படுகிறவரே எழுதுகிறார். காவலர் தன் படிவத்தைத் தானே நிரப்புகிறார்.

உங்கள் ஊர் அளவுக்கு எண் தாங்குமா? ஆண்டுக்கு ஆறு கறுப்பினச் சிறார் மட்டுமே வழக்குக்கு வரும் கவுன்ட்டியில், ஆறு எட்டானால் 33 சதவீத உயர்வு. அது இரண்டு பிள்ளைகள். போக்கு என்று எதுவும் இல்லை.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதை மேசையில் வைத்துச் சோதிக்க முடியாது: அடிபட்ட குடும்பம் அந்த எண்ணைப் பார்த்து "ஆமாம், மாறியிருக்கிறது" என்று தலையாட்டுமா?

## 1. மடங்குக் கணக்கு

கறுப்பினத்தவரின் சிறைவீதத்தை வெள்ளையரின் சிறைவீதத்தால் வகுப்பது. செய்தித்தாளுக்குப் பிடித்தது இதுதான். மாநிலச் சிறைகளில் இந்த மடங்கு 2000-ல் 8.2, 2020-ல் 4.9. ஒரே வரியில் இருபது ஆண்டு வந்துவிடுகிறது, மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிடலாம், தரவும் இலவசம்.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. சிறார் நீதிச் சட்டத்தில் 1988-ல் வந்த திருத்தம், சிறுபான்மைச் சிறார் விகிதத்துக்கு மீறி அடைக்கப்படுகிறார்களா என்று மாநிலங்களைப் பார்க்கச் சொன்னது. 2002-ல் 'அடைப்பு' என்ற சொல் 'தொடர்பு' என்று விரிந்தது. கைது தொடங்கி ஒவ்வொரு படியிலும் இரு இனத்தின் வீதத்தையும் வகுத்துப் பார்க்கும் வழக்கம் அதோடு ஊன்றியது.

இப்போது மறைந்திருக்கும் செலவு. பெண்கள் சிறைவீதத்தைப் பாருங்கள். 2000-ல் லட்சத்துக்கு 205 கறுப்பினப் பெண்கள், 34 வெள்ளைப் பெண்கள், ஆறு மடங்கு. 2009-ல் 142-ம் 50-ம், 2.8 மடங்கு. மடங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது என்று கைதட்டலாம். ஆனால் இதில் ஒரு பங்கு, வெள்ளைப் பெண்கள் கூடுதலாகச் சிறைக்குப் போனதால் வந்தது. வெள்ளைப் பெண்களின் வீதம் 34-லேயே நின்றிருந்தால் மடங்கு 4.2 ஆக இருந்திருக்கும். 4.2-க்கும் 2.8-க்கும் நடுவே இருக்கும் 'முன்னேற்றத்தை', மெத் என்னும் போதைப்பொருளும் வலிமாத்திரையும் புகுந்த ஊர்களின் ஏழை வெள்ளைப் பெண்கள் சம்பாதித்துக் கொடுத்தார்கள். இன்னொருவரைச் சிறையில் தள்ளி வாங்கிய சமத்துவத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

தலைகீழ்ச் சிக்கல் மேலே பார்த்த சிறார் கதை. இரு பக்கமும் இறங்கும்போது, சின்ன எண் வேகமாக இறங்கினால் மடங்கு ஏறும். நல்ல சீர்திருத்தம் தோற்றது போலத் தெரியும். அடுத்த ஆண்டு நிதியும் நின்றுபோகும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. படிப்படியாக வகுக்கும்போது ஒவ்வொரு படியிலும் 1.3 மடங்கு என்று வந்தால், "பெரிதாக ஒன்றுமில்லையே" என்று ஒவ்வொரு துறையும் கை கழுவிவிடலாம். 1.3-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 3.7. கைதிலிருந்து காப்பகம் வரை யாருமே பெரிய தப்பு செய்யாமல் அந்த 3.7 வந்து சேர்ந்துவிடுகிறது.

லத்தீன் வம்சாவளியினரை எந்தக் கட்டத்தில் போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பல பழைய பதிவுகளில் அவர்கள் வெள்ளையர் கணக்கில் இருப்பார்கள். வகுக்கும் எண் உப்பி, மடங்கு அழகாகச் சுருங்கிவிடும்.

எப்போது சரி: மாநிலம் தழுவிய, நீண்டகாலப் படம் வேண்டும்போது, பிரச்சினை இருக்கிறது என்று அவைக்குப் புரியவைக்க வேண்டும்போது. அயோவா இதற்கு நல்ல சான்று. 2007-ல் வெளியான ஆய்வொன்று அந்த மாநிலத்தின் மடங்கு 13.6, நாட்டிலேயே மோசம் என்றது. மறு ஆண்டே, புதிய தண்டனைச் சட்டம் இனவாரியாக என்ன செய்யும் என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் எனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் ஆனது அயோவா. மணி அடிக்க மடங்கு உதவும். மூன்றாண்டு இலக்காக அதை மட்டும் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

## 2. தலைக்கணக்கு

எத்தனை பேருக்கு அடி விழுந்தது? நேற்று எத்தனை, இன்று எத்தனை? அவ்வளவுதான்.

நியூயார்க் நகரக் காவல்துறை 2011-ல் 6,85,724 முறை ஆட்களைத் தெருவில் நிறுத்தியது. டேவிட் ஃபிளாய்ட் என்பவர் நகரத்தின் மீது தொடுத்த வழக்கில் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் 2013-ல் அந்த நடைமுறை அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். 2019-ல் பதிவான நிறுத்தங்கள் 13,459. இனப்பங்கைப் பார்த்தால், 2011-ல் 53 சதவீதம் கறுப்பினத்தவர், 2019-ல் 59. பங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர் "நிலைமை மோசம்" என்று எழுத வேண்டியிருக்கும். தலையை எண்ணினால், 3,50,000 என்பது 8,000 ஆயிற்று. பள்ளி விட்டு வரும் வழியில் சுவரோடு சாய்த்து நிறுத்தப்பட்ட பையனின் தாயைக் கேளுங்கள், எந்த எண் அவளுடையது என்று.

நியூஜெர்சியும் இதே பாடம்தான். 2017 ஜனவரியிலிருந்து பண ஜாமீனை ஏறக்குறைய ஒழித்தார்கள். 2012 அக்டோபரில் ஒரு நாளையும் 2018 அக்டோபரில் அதே நாளையும் வைத்து மாநில நீதித்துறை ஒப்பிட்டபோது, கவுன்ட்டி ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 15,000-லிருந்து 8,500-க்குக் குறைந்திருந்தார்கள். கறுப்பினத்தவரின் பங்கு? 2012-லும் 54 சதவீதம், 2018-லும் 54. அசையவே இல்லை. சீர்திருத்தத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஆளுக்கு ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு இந்த இரண்டாம் படிக்கல்லின் மீது ஒரு சாய்வு உண்டு, மறைப்பதில் பொருளில்லை. எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார். வெள்ளையரைக் கூடுதலாக அடைத்து இதை நல்லதாக்க முடியாது.

ஆனால் ஓட்டைகள் இருக்கின்றன. படிவம் எழுதாவிட்டால் எண் தானாகக் குறையும். நியூயார்க்கில் நீதிமன்றம் நியமித்த கண்காணிப்பாளரே, பதிவு செய்யப்படாத நிறுத்தங்கள் இருப்பதாகத் தம் அறிக்கைகளில் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, மொத்தம் இறங்கியது பாகுபாடு குறைந்ததாலா, குற்றமே குறைந்ததாலா, கொள்கை மாற்றத்தாலா என்று இந்த எண் பிரித்துச் சொல்லாது. 54 சதவீதம் அசையாமல் நிற்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது: இது தண்டிக்கப்பட்டவரை மட்டும் எண்ணுகிறது, காப்பாற்றப்படாதவரை எண்ணுவதில்லை. மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் கறுப்பினத்தவர், கொலையுண்டவர்களில் பாதிக்கும் மேல். காவலர் தெருவைவிட்டு விலகினால் நிறுத்தங்கள் குறையும். கொலை வழக்குகள் துலங்காமலும் போகலாம். அதனால் தலைக்கணக்கை எழுதும்போது பக்கத்திலேயே இன்னொரு வரி வேண்டும்: கொல்லப்பட்டவரின் இனவாரியாக எத்தனை வழக்குகள் துப்புத் துலங்கின?

எப்போது சரி: கையில் ஒரு கொள்கை நெம்புகோல் இருக்கும்போது: ஜாமீன், சின்னக் குற்றங்களுக்குக் கைது, போக்குவரத்து நிறுத்தம். சின்னக் கவுன்ட்டிகளுக்கும் இதுவே பாதுகாப்பு. ஆறு, எட்டு என்று ஆளாகவே சொல்லிவிடலாம், சதவீதம் தேவையில்லை.

## 3. ஒத்த வழக்கு ஒப்பீடு

அதே குற்றம், அதே முன்வரலாறு (பழைய குற்றப் பதிவு), அதே வயது. இனம் மட்டும் வேறு. தண்டனை மாறுகிறதா? ஆய்வாளர்களுக்கு இதுதான் தங்கத் தராசு. எண் கெட்டால் மேசையும் தெரிந்துவிடுகிறது: வழக்குத்தொடுநர் அலுவலகம் என்றால் வழக்குத்தொடுநர் அலுவலகம்தான்.

இதன் சிறப்பான முயற்சியும் மோசமான தோல்வியும் ஒரே வழக்கில் இருக்கின்றன. சட்டப் பேராசிரியர் டேவிட் பால்டஸ் தலைமையிலான குழு ஜார்ஜியாவில் 1970-களின் 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அலசியது. மற்றக் காரணிகளைக் கழித்த பிறகும், வெள்ளையரைக் கொன்றவருக்கு மரண தண்டனை விழும் சாத்தியம், கறுப்பினத்தவரைக் கொன்றவருக்கு இருப்பதைப்போல் 4.3 மடங்கு. 1987-ல், ஜார்ஜியாவில் மரண தண்டனை பெற்ற கறுப்பினத்தவரான மெக்கிளெஸ்கியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த எண்ணை ஒரு வாதத்துக்கு ஏற்றுக்கொண்டே, 'உன் வழக்கில் உன்னை இனம் பார்த்துத் தண்டித்தார்கள் என்று காட்டு' என்ற தொனியில், 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. வாரன் மெக்கிளெஸ்கிக்கு 1991-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வுக்குப் பிறகு, ஒரு வாக்கை மாற்ற முடியுமென்றால் அந்த வாக்கைத்தான் மாற்றுவேன் என்று தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் சொன்னார். கலிஃபோர்னியா 2020-ல் கொண்டுவந்த இன நீதிச் சட்டம், புள்ளிவிவரத்தை வழக்கிலேயே சான்றாக வைக்கக் கதவைத் திறந்தது. ஆக, இந்தப் படிக்கல்லின் மதிப்பு நீங்கள் எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது: எதைக் 'கழித்து'ப் பார்க்கிறோம்? முன்வரலாற்றைக் கழிக்கிறோம். அந்த முன்வரலாறு எங்கிருந்து வந்தது? ஒரு பேட்டையில் தினமும் சோதனை, இன்னொரு பேட்டையில் சோதனையே இல்லை என்றால், ஒரே பையில் ஒரே கஞ்சாவை வைத்திருந்த இருவரில் ஒருவருக்குத்தான் முன்வரலாறு உண்டாகும். அதைக் கழித்துவிட்டு "இனம் ஒரு காரணியே அல்ல" என்று எழுதுவது, சோற்றிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்துவிட்டு உப்பே போடவில்லை என்பது மாதிரி.

சட்டமே சாய்ந்திருந்தால் இன்னும் மோசம். 1986-ன் போதைப்பொருள் சட்டம் 5 கிராம் கிராக் (புகைக்கும் கட்டிக் கொக்கெயின்) விற்றவருக்கும் 500 கிராம் தூள் கொக்கெயின் விற்றவருக்கும் ஒரே ஐந்தாண்டு கட்டாயத் தண்டனை விதித்தது. நூற்றுக்கு ஒன்று. கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். இப்போது ஒத்த வழக்கு ஒப்பீட்டைப் போட்டுப் பாருங்கள்: கிராக் விற்ற வெள்ளையருக்கும் ஐந்தாண்டு, கறுப்பினத்தவருக்கும் ஐந்தாண்டு. சுத்தமான சான்றிதழ்! 2010-ல் அந்த விகிதம் 18-க்கு 1 என்று குறைக்கப்பட்டது, 2018-ல் பழைய கைதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. இரண்டையும் சாதித்தவர்கள் வேறு எண்களைக் கையில் வைத்திருந்தவர்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. மறுகுற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் காம்பஸ் மென்பொருளை புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2016-ல் ஃபுளோரிடாவின் பிரவர்டு கவுன்ட்டித் தரவில் சோதித்தது. பிறகு குற்றமே செய்யாதவர்களில், தவறாக 'அபாயம்' என்று முத்திரை வாங்கியவர்கள் கறுப்பினத்தவரில் 45 சதவீதம், வெள்ளையரில் 23. மென்பொருள் நிறுவனத்தின் பதில்: ஒரே மதிப்பெண் வாங்கிய இரு இனத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுகுற்றம் செய்கிறார்கள், ஆகவே நியாயம்தான். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அடிப்படை வீதம் வேறுபடும்போது இந்த இரண்டு நியாயங்களும் ஒருசேரக் கிடைக்காது என்று பிறகு கணிதமாகவே நிறுவினார்கள். உங்கள் குழுவில் மென்பொருள் விற்பவர் வந்து "எங்கள் கருவி இனச்சார்பு இல்லாதது" என்றால், எந்த அர்த்தத்தில் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அரைமணி நேரம் ஓடும்.

எப்போது சரி: ஒரே அலுவலகத்தின் ஒரே முடிவைச் சோதிக்கும்போது, ஆயிரக்கணக்கில் வழக்கு இருக்கும்போது, புள்ளியியல் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடியும்போது. தன்னார்வக் குழுவுக்கு இது கனமான கல்.

## 4. பலன் சோதனை

இது எளிய யோசனை, பொருளியலாளர் கேரி பெக்கர் வழி வந்தது. காவலர் இரு இனத்தவரையும் ஒரே அளவு சந்தேகத்தில்தான் சோதிக்கிறார் என்றால், சோதனையில் பொருள் கிடைக்கும் வீதமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் இனத்தவரிடம் அடிக்கடி வெறுங்கையோடு திரும்புகிறார் என்றால், அவர்களைக் குறைந்த சந்தேகத்திலேயே பிடிக்கிறார் என்று பொருள்.

மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில், காவலர் சுட்டுக் கறுப்பின இளைஞர் இறந்ததால் எழுந்த 2014 கொந்தளிப்புக்குப் பிறகு, மத்திய அரசின் நீதி அமைச்சகம் 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. கறுப்பின ஓட்டுநரைச் சோதிக்கும் வாய்ப்பு வெள்ளையரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அவர்களிடம் பொருள் அகப்படும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவு. ஃபிளாய்ட் வழக்கிலும் இதே வாசனை: நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவரில் 1.0 சதவீதத்திடம் ஆயுதம் கிடைத்தது, வெள்ளையரில் 1.4. "அவர்கள்தானே குற்றம் செய்கிறார்கள், அதனால் நிறுத்துகிறோம்" என்ற வழக்கமான பதிலை இந்த எண்தான் நேராக முட்டுகிறது. மக்கள்தொகைப் பங்கை வைத்து வாதாடினால் அந்தப் பதில் வரும். பலன் வீதத்தை வைத்தால் வராது.

சூட்சுமம் ஒன்று. ஊரில் வெள்ளையரில் சிலர் 80 சதவீதச் சந்தேகத்துக்குரியவர்கள், மற்றவர்கள் சுத்தம். கறுப்பினத்தவரில் சிலர் 40 சதவீதம், மற்றவர்கள் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதத்துக்கு மேல் சந்தேகம் இருந்தால் யாராயினும் சோதிப்பேன் என்று நடுநிலையாக நிற்கும் காவலருக்கும் பலன் வீதம் 80 என்றும் 40 என்றும்தான் வரும். எல்லைக்கோடு ஒன்று, சராசரி வேறு. இதைச் சரிக்கட்டத்தான் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எல்லைக்கோட்டையே மதிப்பிடும் முறையைச் செய்தார்கள். ஏறத்தாழ 10 கோடி வாகன நிறுத்தங்களில் அதைப் பயன்படுத்தி 2020-ல் வெளியிட்டபோதும் முடிவு மாறவில்லை: கறுப்பின, லத்தீன் ஓட்டுநரைச் சோதிக்கும் எல்லைக்கோடு தாழ்வாகவே இருந்தது.

இன்னொரு சங்கடம்: பலன் வீதம் சமமாகிவிட்டாலும், பத்து லட்சம் நிறுத்தங்கள் பத்து லட்சமாகவே தொடரலாம். எல்லோரையும் ஒரே மாதிரி தொந்தரவு செய்வதும் இந்தச் சோதனையில் தேர்ச்சி பெற்றுவிடும்.

எப்போது சரி: காவல்துறையோடு நேராகப் பேசும்போது. செலவும் அதிகமில்லை, நிறுத்தம், சோதனை, கிடைத்தது, கிடைக்கவில்லை என்ற நான்கு கட்டங்கள் போதும். நீதிமன்றத்துக்கோ சிறைக்கோ இது பொருந்தாது. அங்கே 'பலன்' என்றால் என்ன என்பதிலேயே சண்டை வந்துவிடும்.

## 5. நடத்தப்பட்ட விதம்

நம்பிக்கை, மரியாதை, பயம். எண்ணாக்குவது கடினம், ஆனால் முடியாதது அல்ல. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 2014 ஏப்ரலில் நடந்த 981 வாகன நிறுத்தங்களின் உடல்கேமரா பதிவுகளை, மொத்தம் 183 மணி நேரம், ஸ்டான்ஃபோர்டு குழு எழுத்தாக்கி அலசியது. காவலர்கள் கறுப்பின ஓட்டுநரிடம் பேசும்போது மரியாதைச் சொற்கள் குறைந்தன. நிறுத்தத்தின் காரணம், காவலரின் இனம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும். நாம் தமிழர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வோம். 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே எத்தனை மைல் என்று காவல்நிலைய வாசலில் ஒருமுறை நின்றவருக்குத் தெரியும்.

அதே ஓக்லாந்தில், நிறுத்தும் முன் காவலர் படிவத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று வைத்தார்கள்: இந்த நிறுத்தம் குறிப்பிட்ட தகவலின் பேரிலா? 2017-ல் சுமார் 32,000 ஆக இருந்த நிறுத்தங்கள் 2018-ல் சுமார் 19,000 ஆயின. கறுப்பினத்தவர் நிறுத்தங்கள் 43 சதவீதம் குறைந்தன. பேச்சை அளக்கப் போனதில் கிடைத்த தொடர்பு, தலைக்கணக்கில் வந்து முடிந்தது.

செலவு: கருத்தாய்வில் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் காவலரைச் சந்திக்காதவர்கள். நாட்டின் மறுகோடியில் நடந்த ஒரு கொலையின் காணொளி உங்கள் ஊர் நம்பிக்கை எண்ணை ஒரே வாரத்தில் கவிழ்த்துவிடும். தனியாக நின்றால் இது விளம்பரத் துறையின் கருவியாகிவிடும். துணையாக வைத்தால் மற்ற நான்கும் காணாததைக் காட்டும்.

(ஆறாவதாக ஒன்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை: எத்தனை பயிற்சி நடத்தினோம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கூட்டம். நான் உட்கார்ந்திருந்த ஒரு குழுவில் ஆண்டறிக்கை முழுவதும் இதுதான். கையெழுத்துத் தாள் கனமாக இருந்தது.)

## ஒரே பார்வையில்

| படிக்கல் | எங்கே ஏமாற்றும் | கேள்வி கேட்கும் மேசை | தரவுச் சுமை | சின்ன ஊருக்கு |
|---|---|---|---|---|
| மடங்கு | வகுக்கும் எண் ஏறினாலும் இறங்கினாலும் | யாரும் இல்லை | குறைவு | ஆகாது |
| தலைக்கணக்கு | பதிவு செய்யாமல் விட்டால். காரணம் சொல்லாது | கொள்கை வகுத்தவர் | குறைவு | நன்று |
| ஒத்த வழக்கு | சாய்ந்த சட்டத்தையும் முன்வரலாற்றையும் மன்னித்துவிடும் | அந்த அலுவலகம் | மிக அதிகம் | ஆகாது |
| பலன் சோதனை | சராசரிக்கும் எல்லைக்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் | காவல்துறை | நடுத்தரம் | சில ஆண்டுத் தரவைச் சேர்த்தால் |
| நடத்தப்பட்ட விதம் | வெளிச்செய்தியால் ஆடும் | காவல்துறைத் தலைமை | நடுத்தரம் முதல் அதிகம் | நேர்காணலாக நன்று |

## எந்த நாற்காலியில் இருப்பவருக்கு எது

சட்டமன்றத்தில் மசோதாவுக்காகப் பேசப் போகிறீர்கள் என்றால் மடங்கும் தலைக்கணக்கும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும், இரண்டும் எதிரெதிராகப் போனாலும். மறைத்தால் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

வழக்குத்தொடுநர் அலுவலகத்தில் வேலை என்றால் ஒத்த வழக்கு ஒப்பீடு. ஆனால் முன்வரலாற்றைக் கழித்து ஒருமுறை, கழிக்காமல் ஒருமுறை, இரண்டையும் வெளியிடுங்கள். நடுவே உள்ள இடைவெளிதான் காவல்துறையிடமிருந்து நீங்கள் வாங்கி உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளும் கடன்.

கவுன்ட்டியின் தன்னார்வக் குழு, மூன்றாண்டு, நிதி சொற்பம் என்றால் என் தேர்வு இது: தலைக்கணக்கு முதல் வரி, நிறுத்தங்களுக்குப் பலன் சோதனை இரண்டாம் வரி, அடிபட்ட பத்து இருபது குடும்பங்களோடு ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி எழுதிய குறிப்பு மூன்றாம் வரி. மடங்கைப் பின்னிணைப்பில் போடுங்கள். முதல் வரி இறங்கி மடங்கு ஏறினால் திட்டத்தை நிறுத்தாதீர்கள். வெள்ளையருக்கு மட்டும் எந்தக் கதவு வேகமாகத் திறக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது, வழக்குக்குப் பதிலாகச் சிகிச்சை, சேவை என்று திருப்பிவிடும் மாற்றுவழித் திட்டங்களின் தகுதி விதியில் இருக்கும்: கட்டணம், வாகனம், முதல்முறைக் குற்றம் என்ற நிபந்தனை.

எதைத் தேர்ந்தாலும் இனம் என்ற கட்டம் படிவத்தில் இருக்க வேண்டும், அதை யார் நிரப்புகிறார் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் 2015 சட்டம், காவலர் தன் கண்ணுக்குத் தெரிந்த இனத்தை எழுதச் சொல்கிறது. ஓட்டுநரைக் கேட்டு எழுதக் கூடாது. பாகுபாடு காவலரின் கண்ணில்தானே தொடங்குகிறது, சரியான யோசனை. இந்தியாவிலும் இதே முடிச்சு விழுந்தது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று 2024 அக்டோபரில் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னபோது, சிறைப் பதிவேட்டின் சாதிக் கட்டத்தையே நீக்க உத்தரவிட்டது. கட்டம் இருந்தால் பிரிக்கக் கருவி. இல்லாவிட்டால் பிரித்ததை எண்ண வழியில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் திரட்டும் தரவுக்கு இது தடையல்ல என்று பிறகு நீதிமன்றமே விளக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, அடிப்படை ஆண்டு. எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை, எண்களைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2020-ஐயோ 2021-ஐயோ தேர்ந்தெடுக்காதீர்கள். தொற்றுக்காலத்தில் நீதிமன்றங்கள் பூட்டிக் கிடந்தன. 2020-ல் மட்டும் நாட்டின் சிறைத்தொகை சுமார் 15 சதவீதம் இறங்கியது. அதற்குப் பின் வரும் ஆண்டுகள் அந்த ஆண்டோடு நின்றால் தோற்றது போலத் தெரியலாம். 2017, 2018, 2019 மூன்றின் சராசரியை எடுங்கள்; யாராவது தங்களுக்கு வசதியான ஆண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் கையெழுத்துத் தாளைக் காட்டலாம்.